பாட்டிலுக்குள் ஒரு வெள்ளித் துளி

பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் ஜெயகணேஷ் மனைவியைக் கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று. உதவிக்கு என்று கூப்பிடவில்லை. காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளத்தான் கூப்பிட்டான்.

"ஏளா, கீழ வா. சோடியம் எடுக்கப் போன இடத்துல பாதரசம் ஓசியாக் கிடைச்சிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மதியம். மாடியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த முருகேஸ்வரி, சிவப்புப் பேனாவைக் காதில் செருகியபடியே இறங்கி வந்தாள்.

தூத்துக்குடியில் டபிள்யூ.ஜி.சி. ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது பகவதி சயின்டிபிக்ஸ். கீழே கடை, மேலே வீடு. பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சோதனைக் குழாய், பியூரெட், அமில வகைகள். ஐஸ் கம்பெனிகளுக்கும் இறால் கம்பெனிகளுக்கும் தெர்மாமீட்டர். இதுதான் வியாபாரம். ஜெயகணேஷ் பி.காம். படித்தவன். எந்தக் கல்லூரிக்கு எந்த மாதம் என்ன தேவைப்படும் என்பது அவனுக்கு மனப்பாடம். முருகேஸ்வரி எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு, மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறாள். கடையில் ரசாயனம் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பது அவனுடைய வழக்கம். குரல் கொடுக்காமலே அவன் செய்துவிட்ட காரியங்களும் உண்டு. அவற்றில் ஒன்று இப்போது மேஜை மேல் உட்கார்ந்திருந்தது.

அகன்ற வாயுள்ள கண்ணாடிப் பாட்டில் அது. கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை மண்ணெண்ணெய். அதற்குள், துணி சோப்பை அறுத்துப் போட்டது போல நாலைந்து சாம்பல் நிறக் கட்டிகள். கட்டிகளுக்கு நடுவிலும் மேலுமாகக் கோலிக்குண்டு அளவில் சில உருண்டைகள். மேலே கிடந்த இரண்டு உருண்டைகளின் தலை எண்ணெய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு பொருக்கு. கட்டியும் உருண்டையும் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் இடுக்கில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு துளி. கண்ணாடி போல மின்னியது. ஜெயகணேஷ் மேஜையை விரலால் தட்டினான். துளி நடுங்கியது.

"பாத்தியா?" என்றான்.

முருகேஸ்வரி பார்த்தாள். முதலில் பயம் வரவில்லை. இது இங்கே எப்படி இருக்கமுடியும் என்ற குழப்பம்தான் வந்தது. அவள் முதலில் செய்தது, அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து மேஜையைத் தட்டாமல் நிறுத்தியது.

அவன் கதையைச் சொன்னான். மூடிப்போன ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடச் சாமான்களை மொத்தமாக எடுத்தபோது வந்த பாட்டில் இது. அதே அட்டைப் பெட்டியில் தெர்மாமீட்டர்கள் சில உடைந்து கிடந்தன. வைக்கோலுக்குள் பாதரசத் துளிகளை அவனே பொறுக்கியிருக்கிறான். ஒன்று எப்படியோ இதற்குள்ளும் விழுந்திருக்க வேண்டும். பிப்பெட்டில் ரப்பர் பல்பை மாட்டி உறிஞ்சி எடுத்துவிட்டால் ஆயிற்று. அதற்கப்புறம் சோடியக் கட்டியை வெளியே எடுத்து, பட்டாணி பட்டாணியாக நறுக்கி, சின்ன பாட்டிலில் போட்டுச் சாயங்காலம் சுதர்சனம் சாரிடம் கொடுக்க வேண்டும். நாளைக் காலை அவருடைய கல்லூரியில் செய்முறைத் தேர்வு. வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருகிறார். கல்லூரியில் இருந்த சோடியம் தீர்ந்துவிட்டதை அவர்கள் நேற்றுத்தான் பார்த்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து புதுச் சரக்கு வர ஒரு வாரமாவது ஆகும். பார்சல் சர்வீஸ்காரர்கள் சோடியம் என்ற பெயரைக் கேட்டாலே பெட்டியைத் தொடமாட்டார்கள்.

அவன் சொன்னதில் தப்பே தெரியவில்லை. ஒன்றைத் தவிர.

"இந்த உருண்டையெல்லாம் என்னது?" என்று கேட்டாள். "சோடியம் இப்படி உருண்டையா வராதே."

"அது பொட்டாசியம்ளா. தனி பாட்டில்லதான் வந்துச்சு. மூடி விரிசல் விட்டு எண்ணெய் பாதி ஆவியாப் போச்சு. இப்ப ரேஷன்ல சீமெண்ணெய் எங்க குடுக்கான்? ரெண்டும் ஒரே எண்ணெயில கிடக்கிற சரக்குதானன்னு இதுக்குள்ள போட்டுட்டேன். கட்டின்னா சோடியம், உருண்டைன்னா பொட்டாசியம். கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சிரலாம்."

இப்போது பயம் வந்தது.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஒரே மாதிரி பத்திரப்படுத்த வேண்டிய சரக்கை ஒரே இடத்தில் வைப்பது கடைக்காரனின் புத்தி. காய்ந்துபோகப் போகிற ஒரு பொருளைக் காப்பாற்றத்தான் அவன் நினைத்திருக்கிறான். சோடியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பம்தான். இரண்டும் கத்திக்கு வெண்ணெய் போல அறுபடும். இரண்டும் காற்றையும் தண்ணீரையும் பார்க்கக் கூடாதவை. இரண்டுக்கும் மண்ணெண்ணெய்தான் போர்வை. சோடியம் உருக வேண்டுமானால் ஏறக்குறைய தண்ணீர் கொதிக்கிற சூடு வேண்டும். பொட்டாசியத்துக்கு அதைவிடக் குறைவு, நல்ல சூடான காப்பி அளவு. தூத்துக்குடி வெயிலுக்கு இரண்டும் உருகாது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால், தொட்ட இடத்தில் ஒரு கலவை உண்டாகிறது. அந்தக் கலவை அறையின் சூட்டிலேயே திரவம். பார்ப்பதற்கு அசல் பாதரசம். குணத்தில் தன் பெற்றோர் இருவரையும்விட முரடு. காற்று பட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது.

மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் பொருக்கு வேறு. பொட்டாசியம் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று சேர்த்து வைத்த ஆக்சிஜன் அது. கீழே எரியத் தயாராக உலோகம், சுற்றிலும் எண்ணெய், பக்கத்திலேயே பொதிந்து வைத்த ஆக்சிஜன். இதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய் இறங்கி, பொருக்கை இடித்து, துளியை உறிஞ்சி வெளியே கொண்டுவந்தால் அந்த நேரத்தில் பாட்டிலின் வாய்க்கு நேராக இருக்கப்போவது இவனுடைய முகம்.

"இது பாதரசம் இல்ல," என்றாள்.

"பின்ன?"

சொன்னாள். அவன் சிரித்தான்.

"ரெண்டும் கட்டி. கட்டியும் கட்டியும் சேந்தா எப்படிளா தண்ணியாகும்?"

"உங்க மாமா ஐஸ் கம்பெனியில ஐஸ் மேல உப்பைத் தூவுனா என்ன ஆகும்?"

"உருகும்."

"ஐஸும் கட்டிதான, உப்பும் கட்டிதான."

ஜெயகணேஷ் சிரிப்பதை நிறுத்தினான். கல்யாணத்துக்கு முன்னால் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் மாமாவின் ஐஸ் கம்பெனியில் அவன் வேலை பார்த்திருக்கிறான். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஐஸ் கேன்கள் நிற்கும். கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் பாறையாக உறையும். வெளியே சுற்றி ஓடும் உப்புத் தண்ணீரோ அதைவிடக் குளிராக இருந்தும் உறையாமல் ஓடும். இரண்டு பொருள் கலந்தால் உறைவது கஷ்டமாகிவிடும் என்பது அவன் தினமும் கைவிட்டுப் பார்த்த விஷயம். உலோகத்துக்கும் அது பொருந்தும் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

முருகேஸ்வரி இன்னும் இரண்டு காரணம் சொன்னாள். பாதரசம் ரொம்பக் கனமானது. பாட்டிலின் அடிமட்டத்தில் போய்த் தட்டையாகக் கிடக்கும், சோடியக் கட்டிகள் அதன் மேல் கட்டுமரம் போல மிதக்கும். இதுவோ நடு இடுக்கில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. அதோடு, பாதரசம் சோடியத்தைத் தொட்டால் சும்மா இருக்காது, அதைக் கரைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை.

அவன் கேட்டுக்கொண்டான். ஆனால் கண் கடிகாரத்துக்கும் பிப்பெட்டுக்கும் போய்ப் போய் வந்தது. கேட்பது வேறு, நம்புவது வேறு என்று அவளுக்குத் தெரியும். வகுப்பில் தலையாட்டுகிற பிள்ளைகள் எல்லாம் நம்பிவிட்டார்களா என்ன?

"நீ சொல்லுதது புஸ்தகம்," என்றான். "சுதர்சனம் சார் சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வாராரு. அவருகிட்ட நான் ஐஸ் கதை சொல்லவா?"

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. பிடுங்கக்கூடிய பாட்டிலும் அல்ல அது. திறக்காமலே, அவன் கண்ணாலேயே பார்த்து ஒப்புக்கொள்ளும்படி ஏதாவது காட்ட வேண்டும். என்ன காட்டுவது? தீச்சுடர் சோதனைக்குத் துளி வேண்டும். எடை பார்க்கத் துளி வேண்டும். எதற்கும் மூடியைத் திறந்தாக வேண்டும். அவள் யோசித்து யோசித்து ஒன்றும் தோன்றாமல் நின்றாள்.

வழி அவனிடமிருந்துதான் வந்தது.

"பாதரசம் நம்ம வீட்டு ஃப்ரீசர்ல உறையாது," என்றான் ஜெயகணேஷ், தனக்குத்தானே பேசுவது போல. "ஐஸ் கம்பெனித் தொட்டிக்கு நான் குடுக்கிற தெர்மாமீட்டர்லயே மைனஸ் முப்பதுக்குக் கீழ வரைக்கும் பாதரசந்தான் ஓடுது. உன் சரக்கு எதுல உறையும்?"

முருகேஸ்வரி அவனை ஒரு கணம் பார்த்தாள். இத்தனை படித்தும் தனக்குத் தோன்றாத ஒன்று! திறக்க வேண்டாம், தொட வேண்டாம், பார்த்தால் போதும். சந்தோஷத்தில் பயம்கூடக் கொஞ்சம் விலகி நின்றது. மாடிக்கு ஓடி, கல்லூரிக் காலத்து அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டினாள். இந்தக் கலவை எந்த விகிதத்தில் இருந்தாலும் சரி, கடைசிச் சொட்டும் மைனஸ் பதின்மூன்றுக்குள் கட்டியாகிவிடும் என்று இருந்தது.

"அப்ப வச்சிருவோம்," என்றான் அவன். "உறைஞ்சா நீ சொன்னது. உறையலன்னா நான் பிப்பெட்டை விடுதேன். நீ பேசாம மேல போய்ப் பேப்பர் திருத்தணும்."

அவள் சரி என்றாள். சொன்ன பிறகுதான், வீட்டு ஃப்ரீசருக்குள் எதை வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பது முழுசாக உறைத்தது. வேறு வழியும் தெரியவில்லை. மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இருந்தது. பாட்டிலை அப்படியே வைக்காமல் பெரிய எவர்சில்வர் தூக்குவாளிக்குள் இறக்கி, சுற்றிலும் காய்ந்த எதையாவது நிரப்பி வைப்பது என்று முடிவு செய்தாள். பாட்டில் விரிசல் விட்டாலும் எண்ணெயும் உலோகமும் அதற்குள்ளேயே கிடக்கும்.

ஜெயகணேஷ் உடனே தீயணைப்பு வாளியைத் தூக்கி வந்தான். சிவப்பு வாளி நிறைய மணல். கடற்கரையிலிருந்து அவனே அள்ளி வந்தது. முருகேஸ்வரி ஒரு கைப்பிடி எடுத்து அமுக்கிவிட்டு விரலை விரித்தாள். மணல் கொழுக்கட்டை போல அப்படியே நின்றது.

"எத்தனை மாசமா கடைக்குள்ள காயுது!" என்றான் அவன்.

"இதுல உப்பு இருக்கு. காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். சோடியம் எரியும்போது இதைக் கொட்டுனா நெருப்பு அணையாது. வளரும்."

அவன் வாளியையும், இத்தனை நாள் அதை நம்பி உட்கார்ந்திருந்த தன் கடையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

உப்பளத்திலிருந்து நேராக வரும் கல்லுப்பும் அப்படித்தான். ஐப்பசிக் காற்றில் மூட்டையே கசிந்துகொண்டிருக்கும். முருகேஸ்வரி பாக்கெட் உப்பைப் பிரித்து வாணலியில் கொட்டி, படபடவென்று பொரிகிற வரை வறுத்தாள். அதற்குள் ஜெயகணேஷ் ஃப்ரீசரிலிருந்த சீலா மீன் பொட்டலங்களை வெளியே எடுத்து வைத்து, கடையிலிருந்து ஆல்கஹால் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே சாய்த்து வைத்தான். பாட்டிலை அவள்தான் எடுத்தாள். தூங்கும் பிள்ளையை அடுத்த கட்டிலுக்கு மாற்றுகிறவள் போல, துளி அசையாமல், ஒரு படிக்கு ஒரு மூச்சாக மாடி ஏறினாள். உப்புக்கு நடுவில் பாட்டில் உட்கார்ந்தது. கதவு மூடியது.

காத்திருக்கும்போது பேசாமல் இருக்க அவனால் முடியாது. அப்படி என்ன அவசரம் இந்த உலோகத்துக்கு என்று கேட்டான். அதற்காகவே காத்திருந்தவள் போல அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

சோடிய அணுவின் உள்கூடுகள் எல்லாம் நிறைந்தவை. வெளியே ஒரே ஒரு எலெக்ட்ரான் மட்டும் தனியாகச் சுற்றுகிறது. அது அந்த வீட்டுக்கு வேண்டாத விருந்தாளி. யாராவது கையை நீட்டினால் கொடுத்து அனுப்பிவிடும். தண்ணீர் கைநீட்டும், ஆக்சிஜன் கைநீட்டும், குளோரின் இரண்டு கையையும் நீட்டும். கொடுக்கும்போது வெளிவருகிற சூடுதான் தீயும் வெடிப்பும். பொட்டாசிய அணு இன்னும் பெரியது. அதன் விருந்தாளி நடுவிலிருந்து இன்னும் தள்ளி நிற்கிறது, பிடிமானமும் குறைவு, அதனால் இன்னும் சீக்கிரம் போய்விடும். மண்ணெண்ணெய் கைநீட்டாது. அதனால்தான் அதற்குள் வைப்பது. ஒருமுறை கொடுத்து முடித்துவிட்டால் அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. ரயிலில் வரும்போது ஊருக்கு வெளியே தார்ப்பாய் போர்த்தி நிற்கிற குவியல்கள் எல்லாம் கொடுத்து முடித்த சோடியம்தான். அதைத்தான் நாம் குழம்பில் போடுகிறோம்.

"அப்ப இந்தப் பாட்டில்ல கிடக்கிறது இன்னும் குடுக்காதது," என்றான் ஜெயகணேஷ்.

"ஆமா. குடுக்க ஆள் தேடிக்கிட்டிருக்கு."

அவன் ஃப்ரீசர் கதவைப் பார்த்தான்.

முதல்முறை திறந்தபோது துளி அப்படியே இருந்தது. தூக்குவாளியின் காதைப் பிடித்து அவள் லேசாகச் சாய்த்தாள்; துளியின் விளிம்பு நீண்டு சுருங்கியது. ஜெயகணேஷ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். முருகேஸ்வரிக்குச் சந்தேகம் வந்தது. புத்தகம் தப்பாகாது. ஒருவேளை தான்தான் தப்போ? இது உண்மையிலேயே பாதரசமாக இருந்து, இத்தனையும் தன் கற்பனையோ?

அப்புறம்தான் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். மைனஸ் நாலு. எப்போதும் மைனஸ் பதினாறு, பதினேழில் நிற்கிற ஃப்ரீசர்! உப்பைத் தொட்டாள். வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை.

"ஆற வைக்கலியா நீ?" என்றான் அவன்.

"மறந்துட்டேன்."

"எம்.எஸ்ஸி. படிச்சவ சுடச்சுட உப்பைக் கொண்டுபோய் ஃப்ரீசர்ல வச்சிருக்கா. இதை நாளைக்கு உன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடு."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவன் மடித்த கையை இறக்கிவிடவில்லை. இன்னொரு தடவை பார்ப்போம் என்று கேட்டாள். அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சார் வருவதற்குள் என்றால் சரி என்றான். சூடான உப்பைக் கொட்டிவிட்டு, வாணலியில் மீதி கிடந்து இதற்குள் ஆறிப்போயிருந்த உப்பை நிரப்பினார்கள். கதவு மறுபடி மூடியது. இம்முறை அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவளும் விடைத்தாள் பக்கம் போகவில்லை. இரண்டு பேரும் சமையலறைத் தரையில், குளிர்சாதனப் பெட்டியின் உறுமலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு திறந்தார்கள். தெர்மாமீட்டர் மைனஸ் பதினாறுக்கு வந்திருந்தது.

துளியின் பளபளப்பு போயிருந்தது. கண்ணாடி மேல் மூச்சு விட்டது போல மங்கலாக, லேசாகச் சுருங்கி, இடுக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. முருகேஸ்வரி தூக்குவாளியைச் சாய்த்தாள். அசையவில்லை. "தள்ளு," என்று ஜெயகணேஷ் வாங்கி, தானே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தான். எண்ணெய் சாய்ந்தது. துளி சாயவில்லை. அவன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. சோதனை அவனுடையது. அதனிடம் அவனால் வாதாட முடியவில்லை.

"பாதரசம் இல்ல," என்றான் கடைசியில்.

"இல்ல."

அவள் மூச்சை விட்டாள். ஆனால் அவசரப்பட்டுவிட்டோம் என்று உடனே தெரிந்தது. அவன் முகத்தில் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"முருகு, இப்ப அது கட்டி. ஓடாது, ஒழுகாது. இந்த நிமிஷத்துல திறந்து, இடுக்கியால அடியில கிடக்கிற ஒரே ஒரு சோடியக் கட்டியை எடுத்துக்கிட்டு மூடிட்டா? மஞ்சள் பக்கம் போகவே மாட்டேன். நாளைக்கு அம்பது பிள்ளைங்க பரீட்சை எழுதணும்ளா."

அவன் குரலில் விளையாட்டு இல்லை. உண்மையாகவே கேட்டான். அவள் பாட்டிலைக் காட்டினாள். வெளியே வந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பாட்டிலின் தோள் முழுக்க வேர்த்திருந்தது. ஐப்பசி மாதத்துத் துறைமுகக் காற்று. ஐஸ் தண்ணீர் பாட்டிலை வெளியே வைத்தால் மேஜையே குளமாகிற காற்று. முத்து முத்தாக நீர் கோத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு சொட்டு மூடிக்குக் கீழே வரை ஓடி நின்றது.

"உள்ள இருக்கிற கட்டியும் இதே குளிர்லதான் இருக்கு," என்றாள். "எண்ணெய்க்கு வெளிய தலைய நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க ரெண்டு உருண்டை. மூடியத் திறந்தா அதுவும் இப்படித்தான் வேர்க்கும்."

ஜெயகணேஷ் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமாவின் ஐஸ் கம்பெனியில் கேன்களைத் தூக்கிய நாள்களில் அவன் சட்டை எப்போதும் இப்படி வேர்த்த தகரத்தில் பட்டு நனைந்திருக்கும். அவன் ஒரு காய்ந்த துணியை எடுத்து, மூடியைத் தொடாமல், பாட்டிலின் கழுத்தை ஒற்றி ஒற்றித் துடைத்தான். தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினான். மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டான்.

"நானே சொல்லுதேன் அவருகிட்ட," என்றான்.

கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவர் சுதர்சனம் ஆழ்வார்திருநகரிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் கடை வாசலில் காரை நிறுத்தினார். நெற்றியில் திருமண் கலையாமல் இருந்தது. அவர் உட்காரும் முன்பே ஜெயகணேஷ் பேசத் தொடங்கிவிட்டான். சோடியம் இல்லை என்றான். ஏன் இல்லை என்பதைச் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு உலோகத்தையும் ஒரே பாட்டிலில் போட்டது தான்தான் என்றான். துளியைப் பற்றிச் சொன்னான். உறைந்ததைச் சொன்னான். திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவரின் கை, நடுவில் எப்போதோ நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருந்தது.

முருகேஸ்வரி அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். வேறு கடைக்குப் போவேன் என்பார், கடைசி நேரத்தில் கழுத்தை அறுத்துவிட்டாய் என்பார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட துத்தநாகப் பொடி இருக்கோ?" என்று கேட்டார் சுதர்சனம்.

"இருக்கு சார்."

"நீரில்லாத சோடியம் கார்பனேட்?"

"அதுவும் இருக்கு."

அவருக்கு அது ஏன் வேண்டும் என்று முருகேஸ்வரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நாளைத் தேர்வில் பிள்ளைகள் செய்யப்போவது ஒரே காரியம்தான்: தெரியாத ஒரு கரிமப் பொருளைச் சோடியத்தோடு சேர்த்துச் சூடாக்கி, அதற்குள் நைட்ரஜன் இருக்கிறதா, கந்தகம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. பொருளை உடைத்துத் திறக்க ஒரு முரடன் வேண்டும், அதற்குத்தான் சோடிய உலோகம். ஆனால் துத்தநாகப் பொடியையும் சோடியம் கார்பனேட்டையும் கலந்து, பொருளோடு சேர்த்துப் பழுக்கக் காய்ச்சினாலும் அதே கதவு திறக்கும். கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக அது இருக்கிறது. யாரும் செய்வதில்லை.

"வெளித்தேர்வாளர் ஒத்துப்பாரா சார்?" என்று கேட்டாள்.

"பாட்டிலைப் பத்திச் சொன்னா ஒத்துப்பார். அந்தத் தூக்குவாளியை நான் பார்க்கலாமோ?" என்றவர், மாடிப்படி வரை போய், யோசித்து, "வேண்டாம்மா. அது அங்கேயே இருக்கட்டும்," என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். ஜெயகணேஷ் துத்தநாகப் பொடியையும் கார்பனேட்டையும் எடை போட, முருகேஸ்வரி தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். போகும்போது சுதர்சனம் ஒரு பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்தார்: தேவபிரசாதம், ஊருக்கு வெளியே ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி.

தேவபிரசாதம் தொலைபேசியில் நிறையக் கேள்வி கேட்டார். மஞ்சள் பொருக்கு எவ்வளவு, எண்ணெய் எதுவரை, யாராவது குலுக்கினார்களா. பாட்டிலை இனி நகர்த்தவே வேண்டாம், காலையில் வருகிறேன் என்றார். அன்று இரவு வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் மில்லர்புரத்தில் ஜெயகணேஷின் அக்கா வீட்டில் போய்ப் படுத்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அக்காவிடம் சொல்லிவைத்தான்.

திங்கள் காலை வேன் வந்தது. தேவபிரசாதமும் இன்னொருவரும் முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனார்கள். இறங்கி வரும்போது தூக்குவாளி ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. ஈரமில்லாத அறையில், காற்றைத் துரத்திவிட்டு, ஆல்கஹால் வகை ஒன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்குவார்களாம்; அவசரப்பட்டால் நடக்காத வேலை என்றார். பெட்டியை வேனில் ஏற்றிய பிறகு கவசத்தைக் கழற்றி, எந்த பிப்பெட்டை எடுத்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஜெயகணேஷ் காட்டினான். அவர் அந்தக் குழாயின் நீளத்தைப் பார்த்தார். பிறகு ஜெயகணேஷின் முகத்தைப் பார்த்தார். வண்டியில் ஏறிக்கொண்டார்.

முருகேஸ்வரி அன்று பள்ளிக்கு அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தாள். வேன் போனதும் கடை நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஜெயகணேஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் இருந்த சரக்கறைக்குள் போனான். அட்டைப் பெட்டிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. என்ன செய்கிறான் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"முருகு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் கிளிசரினையும் ஒரே தட்டுல வச்சிருக்கேன். இருக்கலாமா?"

"கூடாது."

கண்ணாடி தரையில் உட்காரும் சத்தம்.

"ஆக்சாலிக்கும் சிட்ரிக்கும்?"

"இருக்கலாம்."

"நைட்ரிக்கும் அசிட்டிக்கும்? ரெண்டும் ஆசிட்தானன்னு பக்கத்துல பக்கத்துல வச்சேன்."

"கூடவே கூடாது. எதை முதல்ல எடுக்கப் போறீங்க?"

உள்ளே பெட்டி நகரும் சத்தம் நின்றது.

"நீ வந்து சொல்லு," என்றான். "அதுவரைக்கும் நான் எதையும் தொடல."

முருகேஸ்வரி எழுந்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.